மூச்சுக்கு முன்னே ஒரு கைப்பிடி
திருமந்திரம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை சேலம் பக்கமிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் திருமூலரைப் பற்றியவை. அவற்றிலும் மூச்சுப் பயிற்சியைப் பற்றிக் கேட்டவர்களே அதிகம். சில கேள்விகளைச் சுருக்கியும், ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்தும் பதில் தந்திருக்கிறோம். பாடல் எண்கள் பரவலாகப் புழங்கும் பதிப்புகளின்படி உள்ளன. உங்களிடம் இருக்கும் நூலில் சற்று முன்பின் இருக்கலாம்.

எங்கள் ஊர்க் கஞ்சமலைக்கும் திருமூலருக்கும் தொடர்பு உண்டு என்கிறார்கள். அது கோயிலில் சொல்லும் கதை மட்டும்தானா, நூலிலேயே இருக்கிறதா?
*— வாசகர், இளம்பிள்ளை*

நூலிலேயே இருக்கிறது. பாயிரத்தில் குருபாரம்பரியம் என்ற பகுதியில், தம்மிடம் மந்திரம் பெற்ற வழியினர் எழுவரின் பெயர்களைத் திருமூலர் அடுக்குகிறார் (பாடல் 69). மாலாங்கன், இந்திரன், சோமன், பிரமன், உருத்திரன், காலாங்கி என்று வரும் அந்த வரிசையின் கடைசிப் பெயர் ‘கஞ்சமலையன்’. மலையின் பெயராலேயே அறியப்பட்ட ஒரு சீடர் அவர். சேலத்துக்காரர்கள் பெருமைப்பட இந்த ஒரு பெயர் போதும்.

சமையலில் ஒரு மூலிகைக் குச்சியால் கிளறியதும் சோறு கறுத்துப்போனது, அதை உண்ட முதியவர் இளைஞரானார் என்று சித்தர் கோயிலில் சொல்லப்படுவது தலக்கதை. திருமந்திரத்தில் அது இல்லை. பெரியபுராணம் சொல்லும் வரலாறு வேறு. கயிலையிலிருந்து தெற்கே வந்த சிவயோகியார், சாத்தனூரில் இறந்து கிடந்த மூலன் என்ற இடையனைச் சுற்றிப் பசுக்கள் கதறுவதைக் கண்டு, அவன் உடலில் புகுந்து அவற்றின் துயர் தீர்த்தார். பிறகு திருவாவடுதுறையில் அரச மரத்தடியில் யோகத்தில் அமர்ந்து பாடினார். தலக்கதையைப் பக்தியோடு கேளுங்கள். திருமூலர் என்ன சொன்னார் என்று தெரிய வேண்டுமானால் பாட்டைத் திறந்து பாருங்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

அமாவாசையன்று சித்தர் கோயிலில் உப்பும் மிளகும் போடுவது திருமூலர் சொன்னதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இல்லை, அது மரு மறைய வேண்டிச் செய்யும் ஊர் நேர்த்திக்கடன். நேர்த்திக்கடனைச் செலுத்துங்கள். ஆனால் மரு வளர்ந்தாலோ, நிறம் மாறினாலோ, ரத்தம் கசிந்தாலோ தோல் மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள்.

விசைத்தறி வைத்திருக்கிறேன். வீடியோ பார்த்து 16–64–32 கணக்கில் இரண்டு மாதமாகப் பிராணாயாமம் செய்கிறேன். அடுத்த அறையில் ஓடும் தறிச் சத்தத்தை வைத்தே எண்ணிக்கொள்வேன். இப்போது தலை கனக்கிறது, படபடப்பு வருகிறது, தூக்கம் குறைந்துவிட்டது. திருமூலர் சொன்ன கணக்குத்தானே, ஏன் இப்படி?
*— வாசகர், அம்மாபேட்டை*

முதலில் கும்பகத்தை, அதாவது மூச்சை உள்ளே நிறுத்துவதை, இன்றே விட்டுவிடுங்கள். ஒரு மருத்துவரிடம் போய் ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் பார்த்துவிட்டு வாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கணக்கு திருமூலருடையதுதான். ‘ஏறுதல் பூரகம் ஈரெட்டு வாமத்தால், ஆறுதல் கும்பம் அறுபத்து நாலதில், ஊறுதல் முப்பத்திரண்டதி ரேசகம்’ (568). இடது நாசியில் 16 மாத்திரை இழுத்து, 64 மாத்திரை நிறுத்தி, 32 மாத்திரையில் விடுவது. ஒரு மாத்திரையை ஒரு வினாடி என்று வைத்தாலும் ஒரே மூச்சுக்கு 112 வினாடி ஆகிறது. சாதாரணமாக நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது முறை மூச்சு விடும் உடம்பை, இரண்டு நிமிடத்துக்கு ஒரு மூச்சு என்ற நிலைக்கு ஒரே தாவலில் கொண்டுபோகப் பார்த்திருக்கிறீர்கள். அந்தப் பாட்டு சொல்வது தேர்ந்தவரின் அளவு. தொடங்குபவர் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது 1:4:2 என்ற விகிதத்தை. அதையும் முதல் நாளே எடுக்கக் கூடாது.

எண்ணும் முறையிலும் பிழை இருக்கிறது. மாத்திரை என்பது கண் இமைக்கும் அல்லது கை நொடிக்கும் நேரம் என்கின்றன இலக்கண நூல்கள். அது அவரவர் உடம்பின் அளவு. விசைத்தறி நிமிடத்துக்கு நூறு முறைக்கு மேல் அடிக்கும், உங்கள் நெஞ்சு திணறுகிறதே என்று அது வேகம் குறைக்காது. அந்த அடியோடு ஓடிப்பிடிக்க அவசரமாக இழுத்தால் இழுப்பும் விடுப்பும் வேகமாகின்றன. வேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. கிறுகிறுப்பும் படபடப்பும் அதனால் வரக்கூடியவை. தொண்டையை இறுக்கி முக்கி நிறுத்தினால் நெஞ்சிலும் தலையிலும் அழுத்தம் ஏறும். தலை கனப்பதற்கு அது ஒரு காரணம்.

மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு இப்படித் தொடங்குங்கள். தறி நின்ற பிறகு, பஞ்சுத் தூசி இல்லாத வேறு அறையில் உட்காருங்கள். முகம் கழுவி, மூக்கைச் சிந்திக்கொள்ளுங்கள். முழுச் சாப்பாடு ஆகி மூன்று நான்கு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். வலது கைப் பெருவிரலால் வலது நாசியை மூடி, இடது நாசியில் மனத்துக்குள் நான்கு எண்ணும் வரை இழுங்கள். மோதிர விரலால் இடதை மூடி, வலதில் எட்டு எண்ணும் வரை விடுங்கள். பிறகு வலதில் நான்கு இழுத்து, இடதில் எட்டு விடுங்கள். இது ஒரு சுற்று. ‘ஏற்றி இறக்கி இருகாலும் பூரிக்கும்’ (571) என்று இரண்டு பக்கத்தையும் திருமூலர் சொல்கிறார். ஆறு சுற்று போதும், இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும். மூச்சை உள்ளே நிறுத்தவே கூடாது. ஒரு மண்டலம், 48 நாள், இதை மட்டும் செய்யுங்கள்.

அதன் பிறகு 4–4–8. அது ஒரு மண்டலம் சிரமமில்லாமல் போனால் 4–8–8. பிறகுதான் 4–16–8. இந்த இடத்தில் விகிதம் சரியாகிவிட்டது, எண்ணிக்கை மட்டும்தான் சிறியது. அதற்கு மேல் நேரில் இருந்து பார்க்கும் ஆசிரியர் இல்லாமல் போகாதீர்கள். ஒவ்வொரு படியிலும் சோதனை ஒன்றுதான். விடும் மூச்சு நூல் பிரிவதுபோல் சீராக வருகிறதா, ‘புஸ்’ என்று கொட்டுகிறதா? கொட்டினால் நிறுத்தியது அதிகம் என்று பொருள். ஒரு படி இறங்கிவிடுங்கள். உயர் ரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு, கண் நீர் அழுத்தம் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், அண்மையில் அறுவை சிகிச்சை ஆனவர்களும் கும்பகம் செய்யக் கூடாது. 4–8 மட்டும் செய்தாலே அவர்களுக்கு நிறைவு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மூச்சு, யோகத்தின் எட்டு உறுப்பில் நான்காவது. இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்று வரிசை போடுகிறார் (552). இயமத்தில் நிற்பவன் யார் என்றால், கொல்லான், பொய் கூறான், களவிலான், அடக்கமுடையான், நடுநிலை தவறாதவன், பகுத்துண்பான், கள்ளும் காமமும் இல்லான் என்று போகிறது பாட்டு (554). நியமத்தில் தவம், செபம், தானம் ஆகியவற்றோடு ‘சந்தோடம்’ என்பதும் ஒன்று (557). கூலி பாக்கி வைத்துவிட்டு மூச்சை நிறுத்தி உட்கார்ந்தால் மனம் எங்கே நிற்கும்? வீடியோக்கள் முதல் மூன்றையும் தாண்டி நேரே நான்காவதில் தொடங்குகின்றன. உங்கள் தூக்கம் கெட்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே கருதுகிறோம். மூச்சுக் கணக்கைச் சொன்ன அதே பாட்டு ‘மாறுதல் ஒன்றின்கண் வஞ்சகமாமே’ என்று முடிகிறது. முறை மாறினால் அது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

எந்த வேளையில் செய்தால் நல்லது?
*— வாசகி, கொண்டலாம்பட்டி*

அந்தியில் செய்தால் ஐ எனப்படும் கபமும், நண்பகலில் செய்தால் வாதமும், விடிகாலையில் செய்தால் பித்தமும் அறும் என்பது திருமூலர் வாக்கு (727). மூன்று வேளையும் செய்யச் சொல்லி யாரையும் நெருக்கவில்லை. தினமும் தவறாமல் கிடைக்கும் ஒரு வேளையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் அவசரத்துக்கு நடுவே அதிகாலைதான் வேண்டும் என்று அடம்பிடித்து நான்கு நாளில் விட்டுவிடுவதைவிட, சாயங்காலம் விளக்கேற்றிய கையோடு பத்து நிமிடம் உட்காருவது மேல்.

ஏற்காட்டில் எஸ்டேட் வேலை. விடிகாலைக் குளிரில் தரையில் உட்கார்ந்தால் கால் மரத்துப்போகிறது, முட்டி வலிக்கிறது. பத்மாசனம் வரவே மாட்டேன் என்கிறது. நாற்காலியில் உட்காரலாமா?
*— வாசகி, ஏற்காடு*

தாராளமாக உட்காரலாம். பத்மாசனம் வராவிட்டால் யோகம் இல்லை என்று திருமூலர் எங்கும் சொல்லவில்லை. ஆசனங்கள் பல உண்டு, அவற்றில் எட்டு முக்கியம், அவற்றுள்ளும் சுவத்திகம் தங்கி இருக்க ஏற்றது என்கிறார் (558).

சுவத்திகத்துக்குச் சம்மணமிட்டு, ஒவ்வொரு பாதத்தின் விரல்களையும் எதிர்க் காலின் தொடைக்கும் கெண்டைச் சதைக்கும் நடுவே செருகிக்கொள்ள வேண்டும். பாதம் தொடைமேல் ஏறாததால் முட்டி முறுக்கப்படுவதில்லை. உட்காரும் இடத்தில் ஒரு கம்பளியை நான்காக மடித்துப் போட்டு, மேலே பருத்தித் துணி விரியுங்கள். பிட்டம் மூன்று நான்கு விரற்கடை உயர்ந்து, முட்டி இடுப்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். முட்டி மேலே தூக்கி நின்றால் முதுகு கூனும், ஐந்தே நிமிடத்தில் இடுப்பு வலிக்கும். முட்டி அந்தரத்தில் நின்றால் அதன் அடியிலும் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள்.

முட்டியின் வெளிப்பக்கம் தோலை ஒட்டி ஒரு நரம்பு ஓடுகிறது. கடினமான சில்லிட்ட தரையில் அது நசுங்கும்போது கால் மரத்துப்போகும். மரத்ததும் ‘பொறுத்துக்கொள்வதே தவம்’ என்று இருக்காமல் காலை மாற்றிப் போடுங்கள். மரப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினாலோ மருத்துவரைப் பாருங்கள். நாற்காலி என்றால் முதுகு சாயாமல், இரண்டு பாதமும் தரையில் பதிய, பாதத்தின் கீழ் ஒரு சாக்கை மடித்துப் போட்டு உட்காருங்கள்.

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். மார்கழி, தை மாதங்களில் அதிகாலைப் பனிக்காற்றை மூக்கில் நேராக இழுத்தால் எரியும், அடைக்கும். சூரியன் ஏறிய பிறகு உட்காருங்கள். ஒரு பக்க மூக்கு அடைத்திருந்தால் அன்று இரண்டு நாசியாலும் நிதானமாக இழுத்து விடுவதோடு நிறுத்துங்கள், அடைத்த பக்கத்தில் இழுத்து மல்லுக்கட்ட வேண்டாம். குளிருக்காகக் கரியடுப்பை உள்ளே வைத்துக் கதவு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள். கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. தியானத்தில் கண் சொக்குகிறது என்று நினைக்கும்போதே உயிர் போய்விடும். இதைப் படிக்கும் மலைவாசிகள் எல்லோரும் தயவுசெய்து வீட்டில் சொல்லுங்கள்.

வெள்ளிப் பட்டறையில் கொலுசு வேலை. காலை எட்டுக்குப் போனால் இரவு ஒன்பதாகிறது. பூசை, யோகம் எதற்கும் நேரமில்லை. எங்களைப் போன்றவர்களுக்குத் திருமூலர் என்ன வைத்திருக்கிறார்?
*— வாசகர், செவ்வாய்பேட்டை*

யாவர்க்கு மாம்இறை வற்கொரு பச்சிலை
யாவர்க்கு மாம்பசு வுக்கொரு வாயுறை
யாவர்க்கு மாம்உண்ணும் போதொரு கைப்பிடி
யாவர்க்கு மாம்பிறர்க் கின்னுரை தானே (252)

நான்கு அடியும் ‘யாவர்க்குமாம்’ என்று தொடங்குவதைக் கவனியுங்கள். உங்களை விட்டுவிடாமல் இருக்கத்தான் நான்கு முறை சொல்கிறார். ஒரே நாளில் நான்கையும் முடித்துவிடலாம்.

பச்சிலை: வில்வமோ துளசியோ அருகம்புல்லோ, கையில் கிடைத்த ஒரு இலை. பட்டறைக்குக் கிளம்பும் முன் சாமி படத்தருகே வைத்து ஒரு முறை ‘சிவாயநம’ சொன்னால் போதும். வாடாத இலையாக, கழுவியதாக இருக்கட்டும்.

பசுவுக்கு வாயுறை: ‘ஒரு வாய்’ என்ற அளவை மறந்துவிடுகிறோம். ஒரு பிடி புல் அல்லது அகத்திக்கீரை கொடுங்கள். புண்ணியம் என்று பாத்திரம் நிறையப் பொங்கலையும் மிஞ்சிய சோற்றையும் கொட்டாதீர்கள். மாவுச்சத்து திடீரென்று மிகுந்தால் மாட்டின் முதல் இரைப்பையில் புளிப்பு ஏறி, அசைபோடுவது நின்று, வயிறு உப்பி மாடு படுத்துவிடும். பிளாஸ்டிக் பையோடு போட்டால் பையும் உள்ளே போகும், வெளியே வராது. செவ்வாய்க்கிழமையும் அமாவாசையும் கோயில் வாசல்களில் நடப்பது இதுதான். பார்க்கவே வேதனையாக இருக்கிறது. மாட்டுக்காரரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

கைப்பிடி: ‘உண்ணும்போது’ என்கிறார். உண்ட பிறகு மிஞ்சியதைக் கொடுப்பது இதில் சேராது. வீட்டில் தினமும் உலை வைக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனி டப்பாவில் போடச் சொல்லுங்கள். ஒரு பிடி நாற்பது கிராம் என்று வைத்தாலும் மாதம் 1,200 கிராம் சேரும். அதை முடியாத ஒருவருக்கோ அன்னதானம் நடக்கும் இடத்துக்கோ கொடுத்துவிடுங்கள். டப்பா ஈரமில்லாமல் இருக்க வேண்டும், காய்ந்த வேப்பிலை நான்கு போட்டு வையுங்கள். இரண்டு மாதம் சேர்த்து வைத்து வண்டு விழுந்த அரிசியைக் கொடுத்தால் அது தானம் ஆகாது. மேலே சொன்ன இயமப் பாட்டில் ‘பகுத்துண்பான்’ என்று வந்ததே, இந்தக் கைப்பிடி அதுதான். ஆகவே நேரமில்லாத நீங்கள் ஏற்கெனவே யோகத்தின் முதல் உறுப்பில் நிற்கிறீர்கள்.

இன்னுரை: பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன் பற்றவைப்பைக் கெடுத்துவிட்டால் முதல் வார்த்தை என்னவாக வருகிறது என்று பாருங்கள். நான்கில் காசு செலவில்லாதது இது, கடினமானதும் இதுவே.

குடும்பத்தில் எல்லோரும் சேர்ந்து சாமிக்கு வெள்ளிக் கவசம் செய்ய நினைக்கிறோம். ‘படமாடக் கோயில்’ பாட்டைக் காட்டி, வேண்டாம் என்கிறான் மகன்.
*— வாசகி, குகை*

படமாடும் கோயிலில் உள்ள பகவானுக்கு ஒன்று கொடுத்தால் அது நடமாடும் கோயிலான நம்பர்க்கு, அதாவது அடியார்க்கு, போய்ச் சேராது, நடமாடும் கோயிலுக்குக் கொடுத்தால் பகவானுக்கும் அது ஆகும் என்பது அந்தப் பாட்டு (1857). அது வரும் இடம் மாகேசுர பூசை, அடியாரை உபசரிக்கும் பகுதி. கோயிலுக்குச் செய்யாதே என்று அதில் தடை இல்லை. எதை முதலில் செய்வது என்ற வரிசை இருக்கிறது. கவசத்துக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பங்கை எடுத்து உறவிலோ தெருவிலோ படிப்பு நின்றுபோன ஒரு பிள்ளைக்குக் கட்டணம் கட்டிவிட்டுப் பிறகு கவசத்தைத் தொடங்குங்கள். மகனுக்கும் மறுப்பு இருக்காது.

காலையில் எழுந்ததும் கிழமைக்கு ஏற்ற நாசியில் மூச்சு ஓடாவிட்டால் கெடுதல் என்று படித்தேன். எனக்குப் பாதி நாள் மாறித்தான் ஓடுகிறது. பயமாக இருக்கிறது.
*— வாசகர், ஆத்தூர்*

வாரசரம் என்ற பகுதியில் வருவது இது. வெள்ளி, திங்கள், புதன் இடது நாசி. சனி, ஞாயிறு, செவ்வாய் வலது. வியாழனுக்கு வளர்பிறையில் இடது, தேய்பிறையில் வலது (790). எது ஓடுகிறது என்று பார்க்க, எழுந்தவுடன் மூக்கின் கீழே ஒரு கண்ணாடியைப் பிடித்தால் எந்தப் பக்கம் ஆவி அதிகம் படிகிறது என்று தெரியும்.

ஆனால் மூக்கின் இரு பக்கமும் சில மணி நேரத்துக்கு ஒரு முறை மாறி மாறித் திறப்பது உடம்பின் இயல்பு. வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இடது நாசி திறக்கும், இடப்பக்கம் படுத்தால் வலது. மாறி ஓடினால் சற்று நேரம் அதற்கேற்பப் படுத்து மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவே. மூச்சைக் கவனிக்கப் பழகுவதற்கு இது நல்ல வழி. இதைச் சகுனமாக்கிக்கொண்டு நாள் முழுக்கப் பயந்தால், கவனிக்கக் கொடுத்த கருவியே பாரமாகிவிடும். எப்போதும் ஒரே பக்கம் அடைத்திருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

பணம் கட்டினால் மூன்று நாளில் குண்டலினியை எழுப்பித் தருவதாக ஒருவர் சொல்கிறார். சேரலாமா?
*— வாசகர், அஸ்தம்பட்டி*

வேண்டாம். ‘குருட்டினை நீக்காக் குருவினைக் கொள்வர்’ (1680) என்று இதற்காகவே ஒரு பாட்டு இருக்கிறது. குருடும் குருடும் ஆடிக் குழியில் விழுவார்கள் என்று முடிகிறது அது. குரு தேவையில்லை என்று திருமூலர் சொல்லவில்லை, தெளிவு குருவின் திருமேனி காண்டல் என்று பாடியவர் அவர்தான் (139). நாள் குறித்து வாக்குக் கொடுப்பவர், உங்கள் உடல்நிலையைக் கேட்காதவர், சாப்பிடும் மாத்திரையை நிறுத்தச் சொல்பவர், இந்த மூவரில் எவரையும் நெருங்க வேண்டாம்.

திருமந்திரத்தை முதல் பாட்டிலிருந்து படிக்கத் தொடங்கி இரண்டு முறை நின்றுவிட்டேன். எப்படிப் படிப்பது?
*— கல்லூரி மாணவி, ஓமலூர்*

பல பதிப்புகளில் 3,047 பாடல்கள். பாயிரமும், தந்திரங்கள் எனப்படும் ஒன்பது பெரும் பிரிவுகளும். வரிசையாகப் போக வேண்டும் என்று கட்டாயமில்லை. முதல் தந்திரத்தில் யாக்கை நிலையாமை, கொல்லாமை, அன்புடைமை, அறஞ்செய்வான் திறம் ஆகிய பகுதிகளை முதலில் எடுங்கள். அகராதியைத் தொடாமலே பாதி புரியும். அடுத்து மூன்றாம் தந்திரத்தில் இயமம், நியமம், பிறகு ‘உடம்பை வளர்த்தேன் உயிர் வளர்த்தேனே’ (724) வரும் காயசித்தி உபாயம். பிறகு ஏழாம் தந்திரம். சக்கரங்களும் மந்திர எழுத்துகளும் நிறைந்த நான்காம் தந்திரத்தைக் கடைசிக்கு வையுங்கள். பலர் ஆவலில் அதைத் திறந்துதான் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

பதம் பிரித்து, உரையோடு அச்சிட்ட பதிப்பை வாங்குங்கள். நாளுக்கு ஒரு பாட்டு. முதலில் சந்தி பிரிக்காமல் வாய்விட்டு இரண்டு முறை, பிறகு பிரித்து ஒரு முறை, அதன் பிறகே உரை. உரையை முதலில் படித்துவிட்டால் பாட்டு காதில் ஏறாது. நான்கு அடிதான், பேருந்தில் சேலம் வந்து சேர்வதற்குள் மனப்பாடம் ஆகிவிடும். உரைகாரர்கள் ஒருவருக்கொருவர் வேறுபடும் இடங்களில் திகைக்க வேண்டாம், இரண்டு பொருளையும் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு அடுத்த பாட்டுக்குப் போங்கள்.